கடலைக் கண்டிராத பிள்ளைகளுக்குக் கடற்கரைப் பாட்டைக் கொண்டு அணி கற்பிக்கலாமா?

கேள்வி
14 ஜூன் 2023

பென்னாகரம் வட்டாரத்தில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அணிகளைக் கற்பிக்கக் கடற்கரையைப் பற்றிய பாட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி எங்கள் வட்டாரக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. என் வகுப்பில் கடலைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடலே தெரியாத பிள்ளைக்குக் கடலுக்குச் சொன்ன உவமை எப்படிப் புரியும்? அந்தப் பாட்டை ஒதுக்கிவிட்டு ஒகேனக்கலைப் பற்றி ஒரு பாட்டு எழுதி நடத்துவதே முறை என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

14 ஜூன் 2023, இரவு

மறுக்கிறேன். காரிமங்கலம் பகுதியில் நீண்ட காலமாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். என் மாணவர்களிலும் கடலைக் கண்டவர் அரிது. புதுச்சேரிக் கடற்கரைக்கே இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் உவமை பிறந்ததே காணாத ஒன்றைக் கண்ட ஒன்றைக் கொண்டு காட்டுவதற்காகத்தான். கடலைக் கண்டு பழகிய பிள்ளை உவமையைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போகலாம். அவனுக்கு அந்த உவமை இல்லாமலும் கடல் தெரியும். நம் பிள்ளை அப்படிப் போக முடியாது. அவனுக்குக் கடல் வேண்டுமென்றால் அந்த உவமையைப் பிடித்துக்கொண்டுதான் போயாக வேண்டும். ஆகவே அணி என்ன வேலை செய்கிறது என்பதை அவனுக்குக் காட்டுவது எளிது என்றே நினைக்கிறேன்.

வகுப்புக்கென்று நானே எழுதிக்கொண்ட எட்டு வரிகளை இங்கே தருகிறேன். இதைக் கவிதை என்று பாராட்ட வேண்டியதில்லை. பாடம் நடத்துவதற்கென்று தேவையான அணிகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டியது.

நீலச் சேலை விரித்ததுபோல்
நெடுகக் கிடக்கும் பெருங்கடலே;
கோல நுரையின் சலங்கைகட்டிக்
குதித்து வருமே அலைக்குழந்தை.
நண்டு மணலில் கோடிழுக்கும்;
நனைக்கும் அலையோ அழித்துவிடும்;
கண்டு நின்ற கரைத்தாழை
"கலங்கேல்" என்று தலையசைக்கும்.

16 ஜூன் 2023

எந்த வரியில் தொடங்குவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் வரியில் தொடங்குவதில்லை. ஐந்தாம், ஆறாம் வரிகளில் தொடங்குகிறேன்.

நண்டு மணலில் கோடு இழுக்கிறது, அலை வந்து அழிக்கிறது. உள்ளதை உள்ளபடி சொன்னதைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. இதுவே இயல்பு நவிற்சி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நண்டு புதியதன்று. ஏரிப் பாசனம் உள்ள வயல் வரப்பில் நண்டு வளை தோண்டுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வரப்பில் ஓட்டை போட்டு நீரை வடித்துவிடுகிறதென்று பெரியவர்கள் அதைத் திட்டுவதையும் கேட்டிருக்கிறார்கள். ஈரச் சேற்றில் நண்டு போன தடம் எப்படி இருக்கும் என்று கேட்டபோது, ஒரு மாணவி கரும்பலகைக்கு வந்து இரண்டு பக்கமும் சிறு சிறு கீறல்களாக வரைந்து, நடுவில் ஒன்றும் வரையாமல் விட்டாள். நண்டு வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதில்லை, காலால் மட்டும் குத்திக்கொண்டு போகிறது என்று காரணமும் சொன்னாள். "கோடிழுக்கும்" என்று நான் எழுதியதைவிட அவள் பார்த்தது நுட்பமானது. அந்தப் பிள்ளைக்கு இயல்பு நவிற்சிக்கு இலக்கணம் சொல்லத் தேவையே ஏற்படவில்லை.

பல வகுப்புகளில் உவமையை முதலில் நடத்துகிறார்கள். எளியது என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒரு பொருளை ஒழுங்காகப் பார்க்கப் பழகாத பிள்ளை அதை வேறொன்றோடு ஒப்பிடச் சொன்னால், மனப்பாடமாக வைத்திருக்கும் மலர்முகத்தையும் பவளவாயையுமே எடுத்து வைப்பான். பார்த்தது முதலில், ஒப்பிட்டது அடுத்து, ஒன்றாக்கியது அதற்கும் அடுத்து, தன் எண்ணத்தை ஏற்றிச் சொன்னது கடைசி. நான் நடத்தும் வரிசை இதுதான்.

17 ஜூன் 2023

எதுகையும் மோனையும் அணியில் சேருமா என்று கேட்டவருக்கு: அவை தொடை வகை, யாப்பைச் சேர்ந்தவை. ஆனாலும் இந்த எட்டு வரிகளிலேயே காட்டிவிடலாம். நீல, கோல, நண்டு, கண்டு என இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. நண்டு, நனைக்கும், கண்டு, கலங்கேல் என முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. கைதட்டிப் பாடச் சொன்னால் காது தானே பிடித்துக்கொள்ளும். ஒரு வகுப்பு நேரத்துக்கு மேல் இதில் நிற்க வேண்டாம்.

23 ஜூன் 2023

இன்று சேலை. இந்த ஒரு வரியில் ஒரு வாரம் நிற்கலாம்.

உவமையில் நான்கு உறுப்புகளைக் காட்ட வேண்டும்: சொல்ல வந்த பொருளான கடல், உவமையான சேலை, "போல்" என்னும் உவம உருபு, இரண்டுக்கும் பொதுவான தன்மை. முதல் மூன்றையும் பிள்ளைகள் எளிதில் சொல்லிவிடுவார்கள். நான்காவதில்தான் பாடம் இருக்கிறது. தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்கிறார். நான்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, சேலையும் கடலும் எதில் ஒக்கும் என்று கேட்டேன். நிறத்தில் என்றார்கள்; அது உரு. விரிந்து கிடப்பதில் என்றார்கள். அது மெய், அதாவது வடிவு. வினையில் ஒக்குமா என்றபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஆற்றங்கரைப் பாறையில் காயப்போட்ட சேலையை நினைத்தவர்கள் சேலை அசையாது, கடல் அசையும், ஆகவே ஒவ்வாது என்றார்கள். கொடியில் போட்ட சேலையை நினைத்தவர்கள் காற்றடித்தால் சேலையும் அலையலையாக எழும், ஆகவே ஒக்கும் என்றார்கள். "விரித்ததுபோல்" என்று இருப்பதால் கொடியில் தொங்கும் சேலை பொருந்தாது என்று ஒரு பையன் முடித்துவைத்தான். சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடும் அந்தப் பழக்கம் அவனுக்கு இலக்கியத்தில் மட்டுமா உதவும்?

எது ஒக்கும் என்று கேட்பதோடு எது ஒவ்வாது என்றும் கேட்க வேண்டும் என்பதைக் கேள்வி கேட்ட ஆசிரியருக்கு அழுத்திச் சொல்கிறேன். சேலையை மடிக்கலாம், கடலை மடிக்க முடியாது. சேலைக்கு மறுகரை உண்டு, கடலுக்குக் கண்ணுக்கு எட்டிய வரை இல்லை. இப்படி ஒவ்வாதவற்றைச் சொல்லிக்கொண்டே போகும்போதுதான் காணாத கடல் பிள்ளையின் மனத்தில் பெரிதாகிக்கொண்டே போகிறது.

25 ஜூன் 2023

நேற்று முன்தினம் எழுதியதற்குத் தொடர்ச்சி. தொல்காப்பியரின் நான்கைக் காட்டிலும் தண்டியலங்காரம் சொல்லும் பண்பு, தொழில், பயன் என்னும் மூன்று ஏழாம் வகுப்புக்கு ஏற்றவை என்று இப்போது தோன்றுகிறது. மெய்க்கும் உருவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதிலேயே நேரம் போய்விடுகிறது. இரண்டையும் பண்பில் அடக்கிவிடலாம். சுவையும் மணமும்கூட அதில் அடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது நான்கைக் கற்றுக்கொள்ளட்டும்.

2 ஜூலை 2023

"அலைக்குழந்தை" என்ற சொல்லை நடத்தினேன். குழந்தை போன்ற அலை என்றால் உவமை. அலையாகிய குழந்தை என்றால் உருவகம். "மலர்முகம்", "முகமலர்" என்று வழக்கமாகக் காட்டுவதைக் காட்டிவிட்டு, உவமையாகும் பொருள் பின்னால் போய்விட்டால் உருவகம் என்று ஓர் அடையாளமும் கொடுத்தேன். தேர்வுக்கு அது உதவும். ஆனால் அதோடு நிறுத்தினால் பிள்ளை சொல்வரிசையைத்தான் கற்றிருப்பான். அணியைக் கற்றிருக்க மாட்டான். உவமையில் இரண்டு பொருளும் தனித்தனியே நிற்கின்றன, உருவகத்தில் ஒன்று மற்றொன்றாகவே ஆகிவிடுகிறது, ஆனபின் அதற்குரிய கைகால், அணிகலன், சேட்டை எல்லாம் வந்து சேர்ந்துகொள்கின்றன என்பதை அடுத்த படியாகக் காட்ட வேண்டும். அலை குழந்தையானவுடன் நுரை சலங்கையாகிவிட்டது அல்லவா?

அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "அலை குழந்தைன்னா அம்மா யாருங்க ஐயா?" என்று கேட்டாள்.

பாட்டில் அம்மா இல்லை. கடல் இருக்கிறது, ஆனால் கடலைத் தாய் என்று நான் எழுதவில்லை. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்து மற்றொன்றைப் படிப்பவர் ஊகத்துக்கு விட்டுவிடுவது ஏகதேச உருவக அணி. அதன் பெயரை நான் சொல்லத் தொடங்கும் முன்பே, "அந்த நீலச் சேலை அம்மாவோடது" என்று பக்கத்தில் இருந்தவள் விடை சொல்லிவிட்டாள். முதல் வரியின் உவமையையும் நான்காம் வரியின் உருவகத்தையும் இப்படிச் சேர்த்துக் கட்டலாம் என்று இதை எழுதிய எனக்கே தோன்றியதில்லை. ஏகதேச உருவகம் கடினமானது, விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் இந்தக் கேள்வியைத் தம் வகுப்பில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

9 ஜூலை 2023

தாழையில் சிக்கல் வந்தது, எதிர்பார்த்ததுதான். படம் வரையச் சொன்னபோது பெரும்பாலோர் கற்றாழையை வரைந்திருந்தார்கள். கொல்லை ஓரங்களில் வேலியாக நிற்கும் ஆனைக் கற்றாழைதான் அவர்களுக்குத் தெரியும். படத்தை நீட்டிய பையன் ஒருவன், "கற்றாழை எப்படிங்க ஐயா தலையசைக்கும்? அது விறைப்பா நிக்குமே" என்றான்.

இதைவிடச் சிறந்த கேள்வி தற்குறிப்பேற்ற அணிக்கு அமையாது. இயல்பாக நிகழும் ஒன்றன்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது அந்த அணி. முதலில் இயல்பான நிகழ்ச்சி ஒன்று நிகழ்ந்தாக வேண்டும். காற்றில் தாழையின் மடல் அசைந்தால்தான், அது நண்டுக்கு ஆறுதல் சொல்கிறது என்று கவிஞன் ஏற்ற முடியும். அசையாத கற்றாழைமேல் ஏற்றினால் அது வெறும் பொய். மதுரை மதில்மேல் அசைந்த கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டின என்று சிலப்பதிகாரம் சொல்வதை எல்லாப் பாடநூல் விளக்கமும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. அங்கேயும் காற்றும் கொடியின் அசைவும் உண்மை. கைகாட்டியதாகச் சொன்னது மட்டுமே கவிஞரின் குறிப்பு. இந்த இரண்டையும் பிரித்து எழுதச் சொன்னால் போதும், அணி விளக்கம் தானே வந்துவிடுகிறது.

அப்படியானால் தாழையை எப்படிக் காட்டுவது? கற்றாழைபோல ஓரத்தில் முள், சோளத் தோகைபோல நீண்டு வளையும் மடல் என்றேன். இரண்டு தெரிந்த செடிகளைச் சேர்த்துத் தெரியாத செடியை மனத்தில் வரைந்துகொண்டார்கள். அதன்பிறகே கைபேசியில் படத்தைக் காட்டினேன். இந்த வரிசையை மாற்றிப் படத்தை முதலில் காட்டியிருந்தால் அந்த வகுப்பில் உவமைக்கு வேலையே இருந்திருக்காது.

10 ஜூலை 2023

தாழைக்குப் பதிலாகப் புளியமரம் என்று மாற்றிவிடலாமே என்றவருக்கு: கூடாது. தாழையும் புன்னையும் ஞாழலும் நெய்தல் நிலத்தின் கருப்பொருள்கள். கடற்கரையில் புளியமரத்தை நட்டுவிட்டு நாளைக்கு ஐந்திணையை எந்த முகத்தோடு நடத்துவது?

16 ஜூலை 2023

ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருப்பதை எல்லாரும் கவனித்துப் படிக்க வேண்டும். அவருடைய மாணவர்களுக்குக் கடல் தெரியாது. ஆனால் நுரை நன்றாகத் தெரியும். தென்பெண்ணையில் பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து வருவதால், கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கும்போது வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி ஆற்றை மூடுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் நுரையைச் சலங்கை என்றால் முகம் சுளிக்கிறார்கள் என்கிறார். தொடாதே, அரிக்கும், நாற்றம் வீசும் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள்.

இதைக் கேட்டு எனக்கு நெஞ்சு கனத்தது. அந்த வரியை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மாற்றுவதற்குப் பதிலாக, உங்கள் ஆற்று நுரைக்கு நீங்களே ஓர் உருவகம் எழுதுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். "காய்ச்சல் வந்த ஆறு கக்கும் நுரை" என்று ஒரு மாணவன் எழுதியிருக்கிறான். இது உருவகமா, தற்குறிப்பேற்றமா என்று அவர் கேட்கிறார்.

என் கருத்து: நுரை பொங்குவது கண்முன் நிகழ்வது, ஆற்றுக்கு நோய் என்பதால் அது கக்குகிறது என்று மாணவன் தன் குறிப்பை ஏற்றியிருக்கிறான். ஆகவே தற்குறிப்பேற்றத்தின் சாயல் தெளிவாக இருக்கிறது. ஆனால் கழிவு கலந்ததே காரணம் என்பது உண்மையாக இருக்கும்போது, நோய் என்ற சொல் அந்த உண்மைக் காரணத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. தற்குறிப்பேற்றத்தில் ஏற்றப்படும் காரணம் உண்மைக் காரணத்திலிருந்து வேறாக இருக்கும். அதனால் ஆற்றை நோயாளியாக்கிய உருவகம் என்று கொள்வதே மேல். எதுவாயினும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். அணிக்குப் பெயர் வைப்பதற்கு இருபக்கமும் இவ்வளவு பேச இடமிருக்கும் ஒரு வரியை ஏழாம் வகுப்பு மாணவன் எழுதிவிட்டான்.

3 ஆகஸ்ட் 2023

ஆடிப்பெருக்கு. முதல் கேள்வியில் இருந்த ஒகேனக்கலுக்கு இன்று வருகிறேன். பாட்டை ஒகேனக்கலுக்கு மாற்றுவதை மறுத்தேனே தவிர, ஒகேனக்கலை வகுப்பிலிருந்து விரட்டச் சொல்லவில்லை. அதைக் கடலுக்கு உவமையாக்கலாம்.

"கடல் எப்படி இரையும்?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் எல்லாரும் ஒகேனக்கல் அருவிபோல என்றே சொல்வார்கள். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த ஒரு மாணவி மட்டும் என் வகுப்பில் மறுத்தாள். அருவி ஓயாமல் ஒரே மாதிரி இரைகிறது. அலை இரைந்து, அடங்கி, மறுபடியும் இரைகிறது என்றாள். அப்படியானால் எதைச் சொல்லலாம் என்று மற்றவர்களிடம் கேட்டேன். ரயில் என்றார்கள், ரயில் போனால் போனதுதான், உடனே திரும்பாது என்று தள்ளினாள். தூளி என்று ஒருத்தி சொன்னாள். போவதும் வருவதும் ஒக்கும் என்று ஏற்றுக்கொண்டு, ஆனால் தூளிக்கு அந்தச் சத்தம் இல்லை என்றாள். கடைசியில், இரைச்சலுக்கு அருவி, வருகைக்குத் தூளி என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு பொருளுக்கு ஒரே உவமைதான் சொல்ல வேண்டும் என்ற விதி எங்கே இருக்கிறது? கடலைக் கண்ட ஒரே ஒருத்தி இருந்தால் போதும். அவளிடம் வகுப்பு தன் உவமைகளைக் கொண்டுபோய் உரசிப் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒருவரும் இல்லாத வகுப்பில் ஆசிரியரே அந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான்.

காவிரியும் தென்பெண்ணையும் வங்கக் கடலில்தான் போய்ச் சேருகின்றன என்பதை நிலப்படத்தில் காட்டிவிட்டு இந்தப் பாடத்தைத் தொடங்குவது நல்லது. தன் ஊர் ஆறு போய்ச் சேரும் இடம் என்றால் பிள்ளைக்குக் கடல் அவ்வளவு அயலாகத் தெரிவதில்லை.

13 ஆகஸ்ட் 2023

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அறிவியல் ஆசிரியரின் துணையோடு குடிநீரில் அந்த அளவு உப்பைக் கரைத்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைக்கச் செய்தோம், விழுங்கவிடவில்லை. "மாங்காய் ஊறவெச்ச தண்ணி" என்று உடனே வந்தது விடை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகள் அல்லவா, வேறென்ன சொல்வார்கள்? பண்பு உவமைக்கு இனிமேல் இந்த எடுத்துக்காட்டையே தருவேன்.

17 செப்டம்பர் 2023

தேர்வு நெருங்குகிறது; இதெல்லாம் வினாத்தாளுக்கு உதவுமா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. அணி இலக்கணம், எடுத்துக்காட்டு, விளக்கம் என்று மூன்று பகுதியாக எழுதினால்தான் மதிப்பெண் என்பது நமக்கெல்லாம் தெரியும். இலக்கண வரியை மனப்பாடம் செய்யட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மனப்பாடத்தை இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். தாழைக்கும் கற்றாழைக்கும் வழக்காடி முடித்த பிள்ளைக்கு "இயல்பாக நிகழும் நிகழ்ச்சி" என்ற தொடரில் ஒவ்வொரு சொல்லும் ஏன் இருக்கிறது என்று தெரியும். அவனால் பாடநூலில் இல்லாத பாடலைக் கொடுத்தாலும் அணியைக் கண்டுபிடிக்க முடியும். இலக்கணத்தை முதல் நாளே ஒப்பித்தவனுக்கு, பழகிய எடுத்துக்காட்டு வராவிட்டால் கை ஓடாது. விடைத்தாள் திருத்தும் எவரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

7 அக்டோபர் 2023

கேள்வி கேட்ட பென்னாகரத்து ஆசிரியர் இரண்டு பாட்டையும் நடத்தியிருக்கிறார்: முதலில் தாம் எழுதிய ஒகேனக்கல் பாட்டு, பிறகு இந்தக் கடற்கரைப் பாட்டு. ஒகேனக்கல் பாட்டில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் உடனே விடை சொன்னார்கள் என்றும், கடற்கரைப் பாட்டில்தான் கேள்வி கேட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவர் வைத்த வரிசை நான் சொன்னதைவிடப் பொருத்தமானது என்று கருதுகிறேன். தெரிந்த இடத்தில் கருவியைப் பழக்கிவிட்டுத் தெரியாத இடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். அடுத்த ஆண்டு நானும் அப்படியே நடத்தப் போகிறேன்.

அவர் எழுப்பியிருக்கும் புதுக் கேள்விக்கு விடை: பிள்ளைகள் தாமே எழுதும் உவமைகளுக்கு மதிப்பெண் இடும்போது, புதுமைக்கு என்று தனியாக மதிப்பெண் ஒதுக்க வேண்டாம். ஒதுக்கினால் விசித்திரமாக எதையாவது எழுதத் தொடங்கிவிடுவார்கள். பொதுத்தன்மையைச் சரியாகச் சொன்னதற்கு ஒரு மதிப்பெண், எந்த இடத்தில் அந்த உவமை ஒவ்வாது என்று எழுதியதற்கு இரண்டு மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கலங்கேல்" என்பது பழைய வடிவம், ஏழாம் வகுப்புக்குக் "கலங்காதே" என்று மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார். மாற்றிக்கொள்ளலாம், மோனை கெடாது. ஆத்திசூடியைப் படித்த பிள்ளைகளுக்கு "ஏல்" என்று முடியும் ஏவல் புதியதன்று என்பதால் என் வகுப்பில் அப்படியே வைத்திருக்கிறேன்.